ஜன்னலைச் சாத்தாதே

நிபால்தோ,

திசோனை வெளியே விட்டுட்டேன். கத்தாதே, முதல்ல கை கழுவிட்டுச் சாப்பிடு. பீன்ஸ் அடுப்பு மேல இருக்கு, ரொட்டி துணியில சுத்தியிருக்கு. அக்கா வீட்டுக்குப் போயிட்டு ஏழு மணிக்குள்ள வந்துடுவேன்.

நீ ஜன்னல்ல அடிச்ச கம்பிவலைய நான்தான் கழட்டினேன். மூணு நாளா பூனை அதுல மூக்கை வச்சுக்கிட்டு அழுதுட்டே இருந்தான். "படிக்கட்டு முழுக்க நாய்ங்க, நம்ம புள்ளையக் குதறிடும்"னு நீ சொன்னியே, அந்த பயம் எனக்கும் இருக்கு. ஆனா அஞ்சு மணிக்கு கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கிட்டே மலை ஏறுவான். அந்தச் சத்தம் கேட்டா, துறைமுகத்துல மீன் தின்னுட்டு இருந்தாலும், திசோன் கூரை கூரையாத் தாவி வந்து நம்ம கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவான். அதுவரைக்கும் ஜன்னலைச் சாத்தாதே.

அப்படியே ஒரு சிலிண்டரும் வாங்கிடு. காலி சிலிண்டர் கதவுக்குப் பின்னால இருக்கு.

எர்சிலியா

மறந்துட்டேன்: நேத்து சண்டை போட்டு கதவை அறைஞ்சு சாத்திட்டு நீ போனப்ப, நான் தாழ்ப்பாள் போடல. டீ நேரத்துக்கு நீயாத்தானே திரும்பி வந்தே? உனக்காக யாரும் சிலிண்டர்கூடத் தட்டல.