வெறுங்கையில் விட்ட அம்பு

மச்சான்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வில் பிடிக்கும்போது மாட்டுகிற உன் தோலுறையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, உள்ளே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கையை நான் இப்படி முகர்ந்ததில்லை. திட்டுவாள் என்று பார்த்தேன். வாங்கி அவளும் முகர்ந்தாள். உன் வண்டியில் தொங்கிய மல்லிகை சென்ட்டும் வியர்வையும்.

அல்சூர் பக்கம் ஜோகுபாளையத்தில் ஒரே சந்தில் நீ கம்பெனி கேப் ஓட்டினாய், நான் ஆட்டோ. உன் வண்டியில் வந்த எலெக்ட்ரானிக் சிட்டிப் பையன்கள் உன்னை ஒரு தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கோல் கட்டைக் குறிபார்த்து அம்பு விடுகிற இடம். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். இந்தத் தொப்பைக்கு வில்லா என்று சந்தே சிரித்தது. பழைய மாதிரி மூங்கில் வில். புது வில்லில் அம்புக்கு ஒரு தாங்கல் உண்டாம். இதில் வில்லைப் பிடித்த கைதான் தாங்கல். விடுகிற அம்பு கையை உரசிக்கொண்டுதான் போகும்.

அதனால் உனக்கு அத்தனை ஜாக்கிரதை. ஒவ்வொரு அம்பையும் காதருகே வைத்து வளைப்பாய். கீறல் விட்டிருந்தால் நெறுக்கென்று கேட்கும். அங்கேயே ஒடித்துப் போடுவாய்.

"என்ன மச்சான், அம்புக்கு போன் போடுறியா? எடுத்துச்சா?"

"சிரிடா மாப்ளே. கீறல் விட்ட அம்பு ஒடிஞ்சா எங்க சொருவும் தெரியுமா? உன் கையிலதான். அப்புறம் ஆட்டோவ மூக்காலதான் ஓட்டணும்."

அம்பின் வாலில் ஒட்டிய இறகுத் தண்டின் முன்முனை ஊசி மாதிரி இருக்கும். அதன்மேல் நூல் சுற்றி, பசை தடவி, வழவழப்பாகக் காய்ந்த பிறகுதான் அம்பை என்னிடம் தருவாய். உறை மாட்டாமல் நான் வில்லைத் தொட்டால் கெட்ட வார்த்தைதான்.

நீ மட்டும் உன் உறையைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வாய். ஏன் என்று கேட்டேன்.

"சுகர்ல விரலெல்லாம் மரத்துப்போவுது மாப்ளே. வெறுங்கையில விட்டா சுருக்குங்குது பாரு, அது இருக்கற வரைக்கும் ஸ்டீயரிங் பிடிக்கலாம். ஆபீசுக்குத் தெரிஞ்சா வண்டிய வாங்கிக்குவான்."

டாக்டரிடம் போ என்றேன். "வலிக்குதுடா, நல்லாவே வலிக்குது" என்றாய், பாஸான பையன் மாதிரி.

பிறகு அந்த ஞாயிறு. என் அம்புகளுக்கெல்லாம் நூல் சுற்றியவன், சுருக்கென்று படட்டும் என்றோ என்னவோ, உன்னுடையதை அப்படியே விட்டிருந்தாய். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறாய். கட்டைவிரலடியிலிருந்து முழங்கை வரை சிவப்பு.

"என்ன மச்சான், மருதாணியா? யாருக்குக் கல்யாணம்?"

தோப்புக்காரர் உன் கையைக் காட்டி, "அய்யோ, ரக்த நோடி!", ரத்தத்தைப் பாருங்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தாய். இறகுத் தண்டின் முனை ஒடிந்து சதைக்குள் நின்றது.

"இது எப்படா ஏறுச்சு?" என்றாய். உன் கையைப் பற்றி என்னிடம் கேட்டாய். அப்போது உன் முகம் போன போக்கை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டிக்கி மூடியில் நசுங்கியது என்று வீட்டில் சொல்லிவிட்டு, துணி சுற்றிக்கொண்டு வண்டி எடுத்தாய். வலிக்கவில்லை, அதனால் அவிழ்த்துப் பார்க்கவுமில்லை. சில நாள் கழித்து உன் தங்கச்சி அவிழ்த்தபோது கை கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அப்புறம் மணிக்கட்டு வரைக்கும். புண்ணின் விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. நீ போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். கேலியாக ஒரு வார்த்தை வரவில்லை மச்சான், எனக்கே வரவில்லை.

இப்போதும் தோப்புக்குப் போகிறேன், உன் உறையை மாட்டிக்கொண்டு. அம்பைக் காதில் வைத்து வளைக்கிறேன். "போன் எடுத்துச்சா அண்ணா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். சிரித்துவிட்டு, அவர்கள் கையில் உறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். உன் தங்கச்சி என் விரல் நுனியில் ஊசி குத்திச் சுகர் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா?" என்கிறாள்.

போன ஞாயிறு நானே நூல் சுற்றிப் பசை போட்டேன். காய்ந்த பிறகுதான் தடவிப் பார்க்க வேண்டும் என்பது, தடவிய பிறகு ஞாபகம் வந்தது. அம்பு வலது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே ஆட்டோவை எடுத்தேன். அல்சூர் சிக்னலில் வலப்பக்கம் திரும்பக் கை காட்டினேன். பின்னால் வந்த பஸ் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டில் உன் தங்கச்சி வெந்நீரில் முக்கிப் பிய்த்தாள். தோல் கொஞ்சம் அம்போடு போனது.

வலித்தது.