நீல வாளியில் ஒரு மீசைக்காரர்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் குளியலறையிலிருக்கும் நீல வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். நேற்று நீங்கள் வாங்கி வந்த கெளுத்தி அதில்தான் இருக்கிறது. வரும்போதே, பாவம், அதற்கு ஒரு பக்க மீசை அறுந்திருக்கிறது. மீன் தொட்டியில் நீங்கள் அழகுக்காகக் கொட்டிய கூரான கல்லில் துழாவினால் மிச்ச மீசையும் போய்விடும். அதனால்தான் மாற்றினேன்.

உப்புப் போட்டால் புண் ஆறும் என்று வைத்தியத்தில் இறங்க வேண்டாம், அதற்கு உப்பு ஆகாது. ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். உங்கள் குறட்டையைவிட அதன் சத்தம் குறைவுதான். மீன் அசையாமல் அடியில் கிடந்தால் பதற வேண்டாம். லீவு நாளில் நீங்களும் அப்படித்தான் கிடக்கிறீர்கள், நான் பதறுகிறேனா?

போன வாரம் எனக்குக் காய்ச்சலடித்தபோது, "ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு, சரியாயிடும்" என்றீர்கள். நேற்று மீனுக்காகக் கடைக்காரருக்கு எத்தனை போன்! அவர் பாவம், கடைசியில் எடுக்கவே இல்லை.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. அது உங்களுக்கு, மீனுக்கு இன்று பட்டினி. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: கல்லையெல்லாம் அள்ளி வெளியே வைத்துவிட்டேன். நைசான மணலாக வாங்கி, கழுவித் தொட்டியில் போடுங்கள். கல்லைக் கொட்டிய அன்றைக்கே மணல் என்றேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று மீசையை முறுக்கினீர்கள்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்) மீசையில் மண் ஒட்டினால்தான் கெளுத்திக்கு நல்லதாம். உங்களுக்கும் ஒன்றும் ஆகிவிடாது.