ஆயில் எங்கிருந்து வருகிறது

ஜூன் 8, ஞாயிறு
காலையில் வாசல் பெருக்கும்போது பார்த்தேன். காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். தொட்டு முகர்ந்தேன். என்ஜின் ஆயில்தான்.

அவரிடம் சொன்னதும், "வித்துடலாம் சசி. இனிமே யாரு ஓட்டறது" என்றார். நான் இப்போது லைசென்ஸ் எடுத்திருப்பது கணக்கிலேயே இல்லை. சர்க்கரையால் கண் மங்கியதிலிருந்து அவர் சாவியைத் தொடுவதில்லை. போன முறை சேலம் கண் ஆஸ்பத்திரிக்கு ஊசி போடவும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதை ஊரே பார்க்கிறதாம். அடுத்த ஊசி 20ஆம் தேதி. இதையும் விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார் என்றால் வருவார். காரும் போய்விட்டால்?

ஜூன் 9, திங்கள்
அடியில் அட்டை விரித்தேன். சொட்டு விழுகிற இடம் தெரிகிறது. எங்கிருந்து வருகிறது?

ஜூன் 11, புதன்
தையல் கடையை மதியமே சாத்திவிட்டு வந்தேன். யூடியூபில் பார்த்தபடி, என்ஜினை நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெள்ளைப் பவுடரில் பழுப்பாக ஒரு கோடு. மேலிருந்து கீழே! ஓட்டை அடியில் என்றல்லவா நினைத்திருந்தேன். கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் என்ஜினுக்குப் பின்பக்கம் போய் மறைகிறது. டார்ச் அடித்தும் தெரியவில்லை.

"என்ன பண்ற, பவுடர் வாசம் வருது" என்று கேட்டபடி அவர் வெளியே வந்தார். சொன்னேன். இத்தனை வருஷம் ஓட்டியவர், பானட்டுக்குள் கைவிட்டதே இல்லை. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, இடுக்கில் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனார்.

"இங்க காஞ்சிருக்குது. இங்கயும்... இங்க நனைஞ்சிருக்குது. மூடி சேர்ற எடம்."

விரலை முகர்ந்து பார்த்தார். நானும் அதே விரலை முகர்ந்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஜூன் 12, வியாழன்
அந்த மூடி வால்வ் கவராம். அதற்கு அடியில் ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் கேஸ்கெட்தான் போயிருக்கிறதாம். தருமபுரி ஸ்பேர்ஸ் கடையில் மெக்கானிக் யாரென்று கேட்டார்கள். நான்தான் என்றேன். கொஞ்சம் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஜூன் 14, சனி
பழைய ரப்பர் அப்பளம் மாதிரி ஒடிந்தது. புதியது ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற பைப்பிங் போல வழவழவென்று இருந்தது. மூடியின் பள்ளத்தில் அதைப் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கி, ஓடவிட்டேன். முன்பைவிட மோசம். வழிகிறது.

அவர் உள்ளே போனார். கார் புரோக்கர் முருகேஷை நாளைக்கு வரச் சொல்லிப் போனில் பேசுவது கேட்டது.

உனக்கெதுக்குடி இந்த வேலை? சொட்டிட்டு இருந்தத ஊத்த வெச்சிட்டியே. அழுகையா வருது. ஆனா எங்க தப்பு பண்ணேன்? அதான் புரியல.

ஜூன் 15, ஞாயிறு
விடிந்ததும் மறுபடி கழற்றினேன். பின் மூலையில் ரப்பர் பள்ளத்தை விட்டு நழுவி மடிந்திருந்தது. என் கண்ணுக்கு எட்டாத அதே மூலை.

உள்ளே போய், கொஞ்சம் வந்து தடவிப் பாருங்க என்று கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்து துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

நான் மூடியை மெல்ல இறக்க, அவர் பின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "இரு... லேசா உம்பக்கம் இழு. ஆங், உக்காந்துருச்சு." போல்ட்டுகளை இந்த முறை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து முருகேஷ் வந்தார். இவருக்கு முழங்கை வரை கரி. "இன்னைக்கு வேண்டாங்க, வேலையா இருக்கறோம்" என்று இவரே அனுப்பிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்
அட்டை காய்ந்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்
இன்றும். ஆயில் அளவும் குறையவில்லை.

ஜூன் 20, வெள்ளி
சேலம் போய் வந்தோம். நான்தான் ஓட்டினேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் இன்னும் தோள் வலிக்கிறது. ஊசி போட்டாயிற்று. இருக்கிற பார்வையைக் காப்பாற்றிவிடலாம், தவறாமல் வாருங்கள் என்றார் டாக்டர்.

திரும்பும்போது அவருக்கு ஒரு கண்ணில் கட்டு. கணவாய் மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"கியர் மாத்தறப்ப ஒரு சத்தம் வருது, கேக்குதா?" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை மாற்றச் சொன்னார். மாற்றினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அதேதான். என்னான்னு ஞாயித்துக்கெழமை பாத்துரலாம் சசி."