புல்லுக்குப் போட்ட உரம் எங்கள் கிணற்றில்

அனுப்புநர்:
மு. சினேகா,
க/பெ. முனியராஜ்,
ஓடைத் தெரு, கீழக்கரட்டூர்,
ஆமத்தூர் வழி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: மேட்டுக் குடியிருப்பின் புல்தரைகளுக்கு இடும் உரம் மழையில் கரைந்து எங்கள் குடிநீர்க் கிணற்றில் சேர்வது – கைக்குழந்தைகளுக்கு உயிராபத்து – கிணற்றடியில் உடனே எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் வெடிமருந்து கலக்கும் அறையில், நான் பாக்கிங்கில். எங்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனு எங்கள் கம்பெனியின் மேல் கொடுக்கும் புகார் அல்ல. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. தீபாவளி சீசன் என்பதால் பிள்ளை பெற்றுச் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினேன். பகலில் பிள்ளைக்குப் பவுடர் பால்தான். தெருக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் கலப்போம். போன மாதம், ஆவணியில், நல்ல மழை பெய்தது. அடுத்த வாரமே பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. அழவும் தெம்பில்லாமல் கிடந்தான். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பாலை எந்தத் தண்ணீரில் கலக்குகிறாய் என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி.

3. பிள்ளைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று பயந்து, தண்ணீரை நெடுநேரம் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் என்ற உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். பெரியவர்களுக்குத் தெரியாமலே போகலாம், கைக்குழந்தையின் இரத்தத்தைக் கெடுத்துவிடும் என்றார். அன்றிலிருந்து அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டாலே போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

4. கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதனைக்குக் கொடுத்தேன். அனுமதித்த அளவைப் போல் மூன்று மடங்கு நைட்ரேட் இருப்பதாகச் சொன்னார்கள் (நகல் இணைத்துள்ளேன்). அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் தெருவே நடுங்கிவிட்டது. ஏனென்றால் கம்பெனியில் புழங்கும் வெடியுப்பும் நைட்ரேட்தான். வேலை விட்டு வந்தால், குளித்துச் சேலை மாற்றாமல் எங்களில் யாரும் பிள்ளையைத் தொடுவதில்லை. நானும் தொட்டதில்லை. இருந்தும், "மருந்துக் கையோட பிள்ளையத் தூக்கிருப்பா. இப்ப கிணத்து மேல பழியப் போடுதா" என்று என் காதுபடவே பேசினார்கள். வேறு சிலர் என் கணவரைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ஆபீசருக வந்து நைட்ரேட்டுன்னு எழுதுனா கம்பெனிக்குத்தாம்லே சீல் வைப்பாக. சீசன்ல அம்புட்டுப் பேரும் எங்கன போறது?" என்றார்கள். இப்போது நான் இந்தப் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

5. எங்கள் கம்பெனி இருப்பது கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில். அங்கே பெய்யும் மழை எங்கள் கிணற்றுப் பக்கம் ஏறி வராது. கிணற்றுக்கு மேட்டில் இருப்பது புதிய பங்களாக் குடியிருப்புதான். எங்கள் முதலாளி சீனிவாசகம் அவர்களின் வீடும் அங்கே இருக்கிறது. கரிசல் மேல் செம்மண்ணும் மணலும் கொட்டி, எல்லா வீட்டிலும் புல்தரை போட்டிருக்கிறார்கள். சீசனில் வெளியூர் வியாபாரிகள் வந்து தங்குவதால், புல் பச்சைப்பசேல் என்று இருக்க யூரியாவை அள்ளி வீசச் சொல்கிறார்கள். என் கணவரின் அத்தை கருப்பம்மாள் அங்கே புல் வெட்டப் போகிறார். "மழை இருட்டிக்கிட்டு வந்தாப் போதும், அவசர அவசரமா வீசச் சொல்லுவாக, மழைத் தண்ணியிலேயே எறங்கிரும்னு. எறங்குறது பாதி, வாய்க்கால்ல ஓடுறது பாதி" என்று அவரே சொன்னார். இதை அவர் சொன்னதாக அங்கே தெரிந்தால் அவர் வேலை போய்விடும் ஐயா.

6. கோடையில் எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் தவிர வேறு பச்சையைப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் குடியிருப்பின் மதிலில் உள்ள மழைநீர்க் குழாய் தொடங்கி எங்கள் கிணறு வரைக்கும், ஓடையோரம் மட்டும் கோரை இடுப்பளவு தழைத்து நிற்கிறது. கிணற்றிலும் பாசி. முதலாளியைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கொடுத்ததே அவர்தான். தன் வீட்டுப் புல்லால் இது வந்தது என்று அவருக்குத் தெரியாது. நேரில் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

7. என் மகனை ஏழாயிரம்பண்ணையில் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். ஐப்பசி மழை இனிமேல்தான் வரப்போகிறது. இந்நிலையில், அடுத்த வீட்டு ஸ்ரீமதி பிரசவம் முடிந்து, வரும் வெள்ளிக்கிழமை பெண் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் போனில் சொன்னபோது, அவள் அம்மா போனை வாங்கி, "பச்ச உடம்புக்காரியப் பயமுறுத்தாத தாயி. நல்லாக் கொதிக்க வச்சுக் குடுத்தா என்ன செய்யப் போகுது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

8. எனவே கிணற்று நீரைத் தாங்கள் முறையாகச் சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் மேட்டு வீடுகளில் உரம் வீசுவதை நிறுத்தி, அந்தக் குழாயை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்காவது கூட்டுக் குடிநீர் தர வேண்டும். விசாரணைக்கு வரும் ஜீப் கம்பெனி வாசலில் நிற்காமல் நேரே கிணற்றடிக்கு வரட்டும். கம்பெனி வாசலில் ஜீப்பைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் கிணற்றைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், என் வீட்டைத்தான் தேடி வருவார்கள். மனுவைப் பதியக் கொடுத்த போன் நம்பர் என் கணவருடையது. அதில் கூப்பிட வேண்டாம், அடுத்த திங்கட்கிழமை நானே வந்து விவரம் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து இல்லாத மனுவை வாங்க மாட்டார்கள் என்றார்கள். அதனால்தான் பெயர் எழுதுகிறேன்.

9. இதெல்லாம் நடக்க நாளாகும் என்று எனக்கும் தெரியும். ஒரு பலகைக்கு நாளாகாது. 'இந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது' என்று அரசாங்கம் எழுதிய ஒரு வரி போதும். நான் சொல்லி நம்பாதவர்கள் அதை நம்புவார்கள். பலகை வைப்பதால் எந்தக் கம்பெனிக்கும் சீல் விழாது. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஸ்ரீமதி பிள்ளையோடு வந்து இறங்குகிறாள். அதற்கு முன்னால் வைத்துவிடுங்கள் ஐயா.

இடம்: விருதுநகர்
நாள்: 22.09.2025

இப்படிக்கு,
மு. சினேகா