கேட்காத காதுக்கு ஒரு மனு

சேசு மரி சூசை

வரதராஜன்பேட்டை,
மாசி மாதம், 1946

ஜபல்பூர் பட்டாளத்தில் இருக்கும் அன்புள்ள அண்ணன் தங்கசாமிக்கு,

தங்கை அமலோற்பவமேரி எழுதுவது. இங்கே நானும் பிள்ளை லீலா மேரியும் சுகம். உங்கள் மச்சானும் சுகம், காதைத் தவிர. அந்தக் காதும் நன்றாக இருப்பதாகத்தான் சர்க்கார் சொல்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் கோபத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் வந்து இறங்கியபோது அரியலூர் ஸ்டேஷனில் மச்சானைக் கண்டு பின்னாலிருந்து பல தரம் கூப்பிட்டீர்களாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாராம். பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவன் ஊருக்கு வந்ததும் மதிக்கவில்லையே என்று, எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் ஏலாக்குறிச்சியில் அண்ணி வீட்டோடு இருந்துவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். ஏலாக்குறிச்சிக்காரர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணன், அவருக்குக் கேட்கவில்லை. உங்கள் குரல் இருக்கட்டும், நீங்கள் வந்த ரயிலே அவருக்குக் கேட்கவில்லை.

மணிப்பூர் பக்கம் லாரிகள் வரிசையாகப் போகும்போது குண்டு விழுந்ததே, அவர் லாரிக்குப் பின்னால் உங்கள் லாரி வந்ததே, அன்றைக்குப் போன காது. டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் ஏதோ கேட்டிருக்கிறார். நல்லா இருக்கேன் சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். காது போனது வெளியே தெரிந்தால் டிரைவர் லைசென்ஸ் போய்விடும் என்று பயம். உங்களிடமே மறைத்திருக்கிறார் என்றால் என்னிடம் சொல்வாரா. நான் பேசினால் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பட்டாளத்துக்குப் போய் வந்தபிறகு பெண்டாட்டி மேல் இத்தனை பிரியமா என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அடுப்படியில் குனிந்தபடி, ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஞாயித்துக்கெழமைதான் மேரி என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

யுத்தத்தில் உடம்புக்கு ஊனம் வந்தவர்களுக்குப் பென்ஷன் உண்டு என்று நம் கோயில் சாமியார் சொல்லி, மனுப் போட வைத்தார். தை மாதம் அரியலூர் பங்களாவில் வந்து தங்கிப் பரிசோதித்தார்கள். ஒரு துரை டாக்டர், பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தா. பேர் என்ன, ஊர் என்ன, என்ன வேலை, என்ன வண்டி, அது என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பட்டாளத்தில் யார் கேட்டாலும் இதே வரிசைதானாம். இவர் குமாஸ்தாவின் உதட்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி டக்டக்கென்று பதில் சொன்னார். அப்புறம், இவர் குமாஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, துரை இவருக்குப் பின்னால் போய் விழும்படி ஒரு காசை எறிந்தார். காசு விழுந்த இடத்தைத் துரையும் பார்த்தார், குமாஸ்தாவும் பார்த்தார். எல்லாரும் பார்க்கிறார்களே என்று இவரும் திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா என்றால் இல்லை. குனிந்து எடுத்துத் துடைத்து, உங்க காசு சார் என்று குமாஸ்தா கையில் கொடுத்தார். வாசலில் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வாரம் உத்தரவு வந்தது. சாமியார் வாசித்துச் சொன்னார். மனுதாரருக்குத் தரையில் காசு விழும் சத்தம்கூடக் கேட்கிறது, ஆகவே பென்ஷன் கிடையாது என்று இருக்கிறது. இதில் உங்கள் மச்சானுக்குச் சந்தோஷம் அண்ணன். சர்க்காரே கேக்குதுன்னு எழுதிட்டாங்க பாத்தியா என்கிறார். அந்தக் காகிதத்தையே நற்சாட்சிப் பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போய், பஸ் முதலாளி ஒருவரிடம் காட்டி டிரைவர் வேலை கேட்டிருக்கிறார். முதலாளியும் ஆனி மாதத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காது. கண்டக்டர் விசில் கேட்காது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால் ஜனங்கள் கத்துவது கேட்காது.

உத்தரவை எதிர்த்து அப்பீல் போடலாம் என்கிறார் சாமியார். அன்றைக்குக் குண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். நடந்ததை எழுதி, உங்கள் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். கோபம் இன்னும் மிச்சம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். எனக்குக் காது கேட்கும், திட்டினால் பலன் உண்டு.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும் தங்கை,
அமலோற்பவமேரி


வரதராஜன்பேட்டை,
சித்திரை மாதம், 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய வாக்குமூலம் ஆபீசர் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. கூட வைத்திருந்த கடிதமும் கிடைத்தது. அதில் பல இடத்தில் மை கலைந்து எழுத்துத் தெரியவில்லை. ஜபல்பூரில் இந்த மாதத்தில் மழை கிடையாது என்கிறார் சாமியார். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் மச்சானிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கிறுக்குப் பய என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து மாற்றி வைக்கிறார்.

அப்பீல் மனு எழுத அரியலூரில் ராசாங்கம் என்பவரிடம் போனேன். தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுப்பவர். எழுதி முடித்து அவரே உரக்க வாசித்துக் காட்டினார். இரண்டு காதும் செவிடு என்பதில் ஆரம்பித்து, இடது கண் மங்கல், முழங்கால் மடங்காது, மாரடைப்பு, சித்தம் அவ்வப்போது கலங்கும், ஆதரவற்ற பிள்ளைகள் எட்டு என்று போனது. நான் பதறிப்போய், எனக்கு ஒரு பிள்ளைதானுங்க என்றேன். சர்க்காருகிட்ட மூட்டையா கேட்டாத்தான் முடிச்சாவது குடுப்பாங்க, நீங்க சும்மா இருங்கம்மா என்கிறார். டாக்டர் பிள்ளைகளைக் கொண்டா என்றால் என்ன செய்வது என்றேன். தெருவுல கெடைக்காத புள்ளைங்களா என்றார்.

எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னேன். காதும் ஒரு பிள்ளையும் மட்டும் மிஞ்சியது. ராசாங்கத்துக்கு முகம் வாடிவிட்டது. இதுக்கு என்னத்துக்கு ராசாங்கம், ஒரு போஸ்ட் கார்டு போதுமே என்றார். ஆனாலும் நல்ல மனிதர். போகும்போது உங்கள் மச்சானை நிறுத்தி, பங்களாவுக்குள் நுழையும்போது சுவரைத் தடவிக்கொண்டு நுழையணும் என்று நடந்து காட்டினார். அது கண் தெரியாதவங்களுக்குங்க என்றேன். எதுக்கும் இருக்கட்டும் என்றார்.

ராசாங்கம் அண்ணன் சொல்வது ஒருபக்கம். என் கஷ்டம் வேறு. இவருக்குச் செவிடன் மாதிரி நடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காது கேட்பவர் மாதிரி நடிப்பதை நிறுத்த வைக்க வேண்டும், அதுதான் முடியவில்லை. யார் எதிரே வந்தாலும் ஆமாங்க, நல்லா இருக்கேங்க, மழை எங்கங்க பேஞ்சுது என்று இவரே பதிலைச் சொல்லிவிடுகிறார். பாதி நேரம் அது பொருந்தியும் போய்விடுகிறது. போன மாதம் இழவு வீட்டில் போய், நல்லபடியா நடக்கட்டும், சாப்பிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து அவரை இழுத்து வருவதற்குள் என் மானம் போய்விட்டது.

நேற்று அவரை எதிரே உட்கார வைத்து, இந்தத் தரம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிடுங்க, ஊகமா எதையும் சொல்லாதீங்க என்று கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குமேல் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, செவிடன்னு சர்க்காரே எழுதிட்டா ஊரு பூரா அப்படித்தான் மேரி கூப்பிடும் என்றார். ஊர் இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறது, அவருக்குத்தான் கேட்கவில்லை. இதை எந்த வாயால் சொல்வேன். எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

வைகாசியில் பெரம்பலூர் பங்களாவில் மறுபரிசோதனை என்று தகவல் வந்திருக்கிறது. ஆனியில் பஸ் வேலை. நடுவில் இந்த ஒரு வாய்ப்புத்தான். அண்ணன், உங்களுக்கு அங்கே கோயில் இருக்கிறதோ இல்லையோ, நின்ற இடத்திலேயே ஒரு செபம் சொல்லுங்கள். அவருடைய காதுக்காக வேண்டாம், வாய்க்காகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
அமலோற்பவமேரி


வரதராஜன்பேட்டை,
ஆவணி மாதம், 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தி. ஆனாலும் நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

பெரம்பலூருக்குக் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் போனோம். மேடு வந்தபோதெல்லாம் ஆம்பிளைகள் இறங்கித் தள்ளினார்கள். உங்கள் மச்சான் தள்ளியதோடு டிரைவருக்குப் புத்தியும் சொன்னார். டிரைவர் பதிலுக்கு வைததும் அவருக்குக் கேட்கவில்லை. சிரித்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பங்களாவில் இந்தத் தரம் வயதான தமிழ் டாக்டர். குமாஸ்தா மட்டும் அதே ஆள். பழைய உத்தரவைப் பார்த்துவிட்டு டாக்டர் காசு எதுவும் எறியவில்லை. இவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். பின்னால் நின்று பேர் கேட்டார். பதில் இல்லை. உரக்கக் கேட்டார். பதில் இல்லை. சொன்னபடி செய்கிறாரே என்று மாதாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவருக்குச் சங்கடம் வந்துவிட்டது. பெரிய மனுசர் பின்னால நிக்கிறார், இந்நேரம் ஏதாவது கேட்டிருப்பார், பேசாம இருந்தா மரியாதையா என்று தோன்றியதாம். சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னப்பராஜ் சார் என்றார்.

குமாஸ்தா சிரித்துக்கொண்டே, கேட்கிறது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டான்.

டாக்டர் அவனைக் கையமர்த்தினார். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாப்பா என்று கேட்டார். இவர், வரதராஜன்பேட்டை சார் என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். வலது கையில எத்தனை விரல் என்று கேட்டார். டிரைவர் வேலைங்க சார் என்றார். காலையில என்ன சாப்பிட்டே என்று கேட்டார். மூணு டன் லாரி சார் என்றார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தான். டாக்டருக்கும் உதடு துடிக்கிறது, ஆனாலும் விடவில்லை. குரலை நன்றாக உயர்த்தி, உன் சம்சாரம் எங்கப்பா என்று கேட்டார். உங்கள் மச்சான் வருத்தமாகத் தலையை ஆட்டினார். குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு சார் என்றார். சர்க்காருல வேற ஒண்ணு குடுத்தாங்க, அது பழசு, மேட்டுல இழுக்காது என்றார்.

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். வாசலில் நின்ற நான் எரிந்துபோனவளா, மேட்டில் இழுக்காதவளா என்று தெரியாமல் நின்றேன்.

குமாஸ்தா திரும்பி வந்து, அப்ப அந்தக் காசு எப்படிக் கேட்டுதுங்க என்று கேட்டான். அது அவனுக்குக் கேக்கலைய்யா, உங்க கண்ணு போன எடத்தைப் பாத்திருக்கான், காது போனவன் அப்படித்தான் பொழைக்கணும் என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகு இவர் எதிரே வந்து உட்கார்ந்து, கேக்குதா கேக்கலையா, நீயே சொல்லணும், நான் எழுதணும் என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கேக்குதுங்க சார், கொஞ்சம் மந்தம் அவ்வளவுதான் என்கிறார் மனிதர். இத்தனைக்கும் பிறகு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். சத்தமே போடாமல், உதட்டை மட்டும் அசைத்து, நீங்க ஓட்டப்போற பஸ்ஸுல நானும் பாப்பாவும் ஏறுவோமுங்க என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, கேக்கலை சார், ரெண்டுமே கேக்கலை, குண்டு விழுந்த அன்னையிலேருந்து ஒண்ணுமே கேக்கலை என்றார். சொல்லிவிட்டு, ரொம்ப நாள் சுமந்த மூட்டையை இறக்கிப் போட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஜெயங்கொண்டத்தில் அவராகவே இறங்கிப்போய், வேலை வேண்டாம் என்று பஸ் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். முந்தாநாள் உத்தரவு வந்தது. முந்தைய உத்தரவு ரத்து, பென்ஷன் உண்டு. ராசாங்கம் அண்ணன் அரியலூரில் எல்லாரிடமும் தன் மனுவின் மகிமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும். உங்கள் மச்சான் இப்போது முந்திரித் தோப்பு ஒன்றைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முந்திரி மரம் பேசாது, நமக்கு ஒத்து வரும் என்கிறார்.

இன்னொன்று எழுத வேண்டும். உத்தரவு வந்த அன்று சாயங்காலம் லீலா மேரி அவர் மடியில் உட்கார்ந்து கோழியிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அவர் பர்மாப் பக்கம் போனபிறகு பிறந்தவள் அல்லவா. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், இவ கொரலு எப்படி இருக்கும் மேரி என்று கேட்டார். ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காது போனதை ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும்.

குரல் எப்படி இருக்கும் என்று எப்படிச் சொல்வது அண்ணன்? குயில் மாதிரி என்று சொன்னால் பொய். அவர் முன்பு கேட்ட குரலாகவும் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்து, எங்க தங்கசாமி அண்ணன் கொரலுதான், அதே கட்டை, அதே கரகரப்பு என்றேன். உண்மையும் அதுதான். நீங்கள் கோயிலில் பாட்டுக்குச் சேர்ந்தால் பீடத்தில் நிற்கும் சாமியாரே திரும்பிப் பார்ப்பாரே, அந்தக் குரல். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, அய்யோ பாவம் பொண்ணு, எவன் கட்டிக்குவான் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

புரட்டாசியில் லீவு கேளுங்கள் அண்ணன். கொடுக்கவில்லை என்றால் அப்பீல் போடுங்கள், எனக்கு இப்போது எழுதத் தெரியும். வந்து வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அவரோடு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். உங்கள் உதட்டைப் பார்த்தால் அவருக்கு உங்கள் பழைய குரல் ஞாபகம் வரும். அப்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளையும் பேசச் சொல்கிறேன்.

வழியில் மாதா உங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
அமலோற்பவமேரி