ஐந்தாம் பாடத்தில் கேட்ட எண்

கல்லல்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சினேகாவுக்கு,

நாகவல்லி எழுதுவது. உன் இருமல் நின்றிருக்கும், பெங்களூர் குளிர் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்ததுமே கூப்பிட்டுவிடுவாய். எனக்குப் போனில் பேச வராது. அதனால்தான் மின்னஞ்சலில் இவ்வளவு நீளம்.

நம் செல்போன் பாடங்கள் இங்கே நன்றாகவே போகின்றன. நடுவயதுப் பெண்கள் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்களா என்று அழகுசுந்தரம் சார் ஆபீசில் சந்தேகப்பட்டாரே, இப்போது அரியக்குடியிலிருந்தும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கரண்ட் பில் கட்டுகிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். ஆனால் பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். மூன்றாம் பாடத்தில் நீ கட்டியிருந்த சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். பாடத்தை எழுதியது நான் என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் இன்னொருத்தி உன் தோட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள்.

அம்மாவும் சேர்ந்திருக்கிறாள். “அந்தப் பிள்ளை சொன்னாத்தான் எனக்கு மண்டையில ஏறுது. நீயுந்தான் காலேஜு படிச்ச, ஒண்ணு கேட்டா தரையப் பாத்து முணுமுணுங்கிற” என்றாள். சினேகா, நீ பேசும் ஒவ்வொரு வரியும் அம்மா எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்துப் பார்த்து நான் எழுதியது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பாள். பொறாமைதான்.

ஐந்தாம் பாடத்தில் நடந்ததைச் சார் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். நான் பார்த்தபடி சொல்கிறேன். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று நீ விளக்குகிறாய். ஆபீசிலிருந்து எல்லோருக்கும் ஒரு பொய் எண் போகிறது. முடிவில் நீயே அதைக் கேட்கிறாய். அனுப்பாமல் இருந்தால்தான் தேர்ச்சி. அந்தப் பொறியை வைத்தது நான்தான்.

அன்று அம்மாவுக்கு எண் வந்ததும், சும்மா சோதித்துப் பார்க்க நான் கேட்டேன். போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “அங்குட்டுப் போடி. பெத்த மகளே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு.” அதுவும் நான் எழுதிய வரிதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து வீடியோவில் நீ கேட்டாய். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகத் தேடி, எண்ணை உனக்கு அனுப்பிவைத்தாள்.

அவள் மட்டுமல்ல, எல்லோருமே அனுப்பியிருந்தார்கள். போன வாரச் சனிக்கிழமை நேர்வகுப்பில் சார் கடிந்துகொண்டபோது கோவிலூர் பொன்னழகு அக்கா விடவில்லை. “என்ன சார் பேசுறீக? அந்தப் பிள்ளையா களவாங்கப் போகுது? அது வாய்விட்டுக் கேக்கையில இல்லன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போகாதா?” என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

பாடத்தை மாற்ற வேண்டும் என்றதும் நீ ஒரு யோசனை சொன்னாயாம். எண்ணைக் கேட்கும் ஏமாற்றுக்காரியாக நாகவல்லி பேசட்டும், அவள் குரல் யாருக்கும் தெரியாது என்று. நீ கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் யோசித்துப் பார். முதன்முதலாக என் குரல் அந்த வகுப்புக்குள் போகிறது, அதுவும் திருடியாக.

அதனால் நேற்று ஆபீசில் எல்லோரும் கிளம்பிய பிறகு கேமரா முன்னால் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் நானே பேசினேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதலில் தரையைப் பார்க்கிறேன். பிறகு நிமிர்ந்துதான் பார்க்கிறேன். கடைசியில் எண்ணைக் கேட்கும் இடத்தை மட்டும் உனக்கு விட்டிருக்கிறேன். எப்போதும் போலச் சிரித்தபடியே கேள். உன்னிடமே இல்லை என்று சொல்லப் பழகினால்தான் வேறு யாரிடமும் ஏமாற மாட்டார்கள். இது பாடத்துக்கான காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உனக்குப் புரிந்திருக்கும்.

நாளை முடிவு சொல்வதாகச் சார் சொல்லியிருக்கிறார். நீ சரி என்றால்தான் அவரும் சரி என்பார். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்; நீ நல்லா இருக்கணும் என்று அரியக்குடிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாளாம். எனக்காக என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

நீ நன்றாக இரு, சினேகா. மற்றப் பாடங்களெல்லாம் உன்னுடையதாகவே இருக்கட்டும். இந்த ஒன்றை எனக்குக் கொடு.

உன் தோழி,
நாகவல்லி