புஸ்பராணி கீறிய பாறைப் படம்

திருகோணமலை,
9.3.1975

அன்புள்ள மகன் சிறிலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் தங்கை றோசும் சுகம். அந்தக் குளிரில் நீயும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், ஓய்வு பெற்ற பிறகும் ஏனம்மா இந்தச் சண்டை, அந்தப் பிள்ளை புத்தகத்தில் உள்ளபடி படத்தைக் கீறிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று. பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

கோயில் மண்டபத்தில் என்னிடம் படிக்கும் புஸ்பராணி, விஞ்ஞானக் கண்காட்சிக்காகத் தொப்பிச் சிப்பியைப் பார்த்தாள். அதுதான், பாறையில் ஒட்டியிருக்கும் கூம்பிய சின்ன ஓடு, இழுத்தால் இன்னும் இறுகும். புத்தகத்துப் படம் நீ இருக்கும் பிளிமத் பக்கத்துக் கரையைப் பார்த்துக் கீறியது. அங்கே கடல் ஒரு மாடி உயரம் ஏறி இறங்கும், சிப்பியும் அத்தனை உயரத்துக்குப் பரந்திருக்கும். எங்கள் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுதான். ஆனாலும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பாடமாக்கி, திருகோணமலைக் கரை என்று தலைப்புப் போட்டு, மாடி உயரத்துக்குச் சிப்பி கீறி வருகிறார்கள். இவள் மட்டும் நேரே போய்ப் பார்த்தாள். கடலுக்குள் நீண்டிருக்கும் முனையில், மாரிக்கடல் அடிக்கும் வெளிப்பக்கப் பாறையில் அலையின் தூவானம் நனைக்கும் இடம் வரை, நெஞ்சளவு உயரத்துக்குச் சிப்பி இருந்தது. அதே முனையின் உள்பக்கம், துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடத்தில், நீர் விளிம்போடு ஒரு சாண் பட்டைதான். வெயில் நேரே விழும் கல்லில் ஒன்றுமில்லை, அதே கல்லின் நிழல் வெடிப்புக்குள் நெருக்கமாக இருந்தன. கடலேற்றம் இரு பக்கமும் ஒன்றுதானே, ஆகவே அலையும் நிழலும்கூடச் சிப்பியின் இடத்தைத் தீர்மானிக்கின்றன என்று எழுதினாள். மேயப் போன சிப்பி தன் இடத்துக்கே திரும்புகிறதா என்று அறிய, றோஸ் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை வாங்கி ஓடுகளில் பொட்டும் வைத்தாள். என்ரை கியூட்டெக்ஸ் முடிஞ்சுது, பாறையைப் பொம்பிளை பாக்க ஆரும் வருகினமோ என்று றோஸ் இன்னும் புறுபுறுக்கிறாள்.

கொழும்புக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய நடுவராக வந்த குலசிங்கம் மாஸ்டர் படத்தைப் பார்த்து, என்ன பிள்ளை, ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் வத்திக் கிடக்குது, பாறைக்கும் கன்னம் வீங்கிற கூகைக்கட்டோ என்று சிரித்தார். நான் விடவில்லை. ஞாயிறு பூசை முடிய அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வேட்டி நனைய இரு பக்கமும் பார்த்தார், ஒரு சிப்பியைப் பிடுங்கப் பார்த்து நகத்தையும் உடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், கண்டது சரிதான் ரீச்சர், ஆனால் கொழும்பிலை புத்தகத்தைத்தான் பாப்பினம், மாத்திக் கீறாட்டி பிள்ளையை எடுக்க மாட்டினம் என்று. புஸ்பராணி உடனே, நான் காணாததைக் கீற ஏலாது சேர் என்றாள். வரும் வழியில் அழுதாள். கொழும்பை ஒருநாளும் காணாத பிள்ளை.

மகன், காணாததைக் கீறினால் வெற்றி, கண்டதைக் கீறினால் தோல்வி என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல நான் ரீச்சராக இருக்கவில்லை. படம் மாறாது. வெள்ளிக்கிழமை ரயிலில் அவளும் அவள் தாய் நல்லம்மாவும் நானும் அதைக் கொண்டு போகிறோம். உள்ளே எடுக்காவிட்டால் வாசலில் விரித்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அவள் விளக்கம் சொல்லுவாள். அப்பாவும் போகச் சொல்லிவிட்டார், வழிக்குப் புட்டுக் கட்டித் தருகிறாராம்.

தவக்காலத்தில் வேலை வேலை என்று பூசையை விட்டுவிடாதே. மாதா உன்னைக் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இனி என் பக்கம் நில். கடல் வற்றும் நேரம் பார்த்து உன் ஊர்ப் பாறைக்குப் போய், அலை அடிக்கும் பக்கமும் அடிக்காத பக்கமும் சிப்பி எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்று கயிறு பிடித்து அளந்து எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியம்மா